பின்னால் வரும் காலடி

ஆகஸ்ட் 28, 2025, வியாழன்

பிள்ளையார் கொழுக்கட்டையில் ஒன்பது மீந்துவிட்டது. தம்பி ரெண்டோடு நிறுத்திக்கொண்டான். அவன் பெண் அக்ஷிதா ஒன்றுகூடத் தொடவில்லை, டயட்டாம். காலையில் சுடவைத்து நானே ஆறு தின்றுபோட்டேன். சர்க்கரை மாத்திரை போடுகிறவள் எழுதிவைக்கிற விஷயமா இது? எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

இன்று ஒரு புதுச் சங்கதி. அக்ஷிதா நாடகத்தில் சேர்ந்திருக்கிறாள். சரவணம்பட்டி கம்பெனி வேலை, வேலை விட்டால் போன் என்று கிடந்த பெண், ராத்திரி சாப்பாட்டில் திடீரென்று வாயைத் திறந்தாள். தெலுங்கு பேசுகிற எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம்.

"நைனா, சனி ஞாயிறு ரிகர்சல் இருக்கு. அக்டோபர்ல ஷோ."

"என்ன நாடகம்?" என்றான் தம்பி கோவிந்தராஜுலு, தட்டைப் பார்த்தபடி.

"ஓபராங்க நைனா. வெளிநாட்டுல அந்தக் காலத்துல பேச்சே இல்லாம முழுக்கப் பாட்டாவே பாடுவாங்க. அதை நம்ம கோயமுத்தூர்ல நடக்கற கதையா மாத்தியிருக்காங்க."

நான் சும்மா இருப்பேனா? "பேச்சே இல்லாம பாட்டாவேயா? தண்ணி வேணும்னாலும் பாடித்தான் கேக்கணுமா?" என்றேன். அக்ஷிதா சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாள்.

தம்பி மனைவி ரங்கநாயகி போய் ரெண்டு வருஷமும் ஒரு மாசமும் ஆகிறது. சாவுக்குத் தாராபுரத்திலிருந்து வந்தவள்தான் நான். என் வீட்டுக்காரர் எப்போதோ போய்விட்டார், மகன் பெங்களூரில். ஊருக்குத் திரும்பி என்ன செய்ய? இங்கேயே இருந்துவிட்டேன். தம்பி காலையில் பீளமேட்டு லேத் பட்டறைக்குப் போவான், இருட்டியதும் வருவான். பெண்டாட்டி பேரை அவன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பனும் மகளும் ஒரே வீட்டில் ரெண்டு லாட்ஜ் ரூம்காரர்கள் மாதிரி.

கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "அக்கா, நீயும் கூடப் போய்ட்டு வா. அப்படின்னா சரி."

எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. வயசாலே இல்லை.

சுங்கம் பக்கம் ஒரு பழைய சர்ச் ஹால். ஓட்டுக் கூரை, புறா எச்சம். துளசியும் தீர்த்தமும் பையில் எடுத்துப் போயிருந்தேன், சர்ச் ஹாலில் எப்படிக் குடிப்பது என்று வெளியிலேயே குடித்துவிட்டு உள்ளே போனேன். நாடகம் போடுகிறவள் பேர் சாரா. முப்பத்தைந்து இருக்கும், முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருக்கிறாள். சின்னதிலிருந்து சர்ச்சில் பாடுகிறவளாம். என்னைக் கண்டதும் சேர் போட்டாள். "வாங்க ஆன்ட்டி" என்றாள். மரியாதைக்காரி. நான் எங்கள் ஊர், வம்சம், மூட்டு வலி எல்லாம் சொல்லி முடிக்கும்வரை நின்றே கேட்டாள்.

பிறகு சாரா கதை சொன்னாள். ஒரு பாடகன், அவன் பெண்டாட்டி அல்பாயுசில் செத்துப் போகிறாள். அவன் விடவில்லை. செத்தவர்கள் இருக்கிற இடத்துக்கே போய்ப் பாடுகிறான். அந்த ராஜா மனசு இளகி, கூட்டிப் போ, ஆனால் ஒன்று, மேலே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் போய்விடுவாள் என்கிறான். கடைசிப் படியில் திரும்பிவிடுகிறான். அவ்வளவுதான் கதை. இதற்கு வெள்ளைக்காரர்கள் நூற்றுக்கணக்கான வருஷமாகக் கண்ணீர் விடுகிறார்களாம்.

சாராவின் நாடகத்தில் அந்தப் பாடகன் கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுவில் பாடுகிறவன். பெண்டாட்டி அமுதா அவினாசி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போகிறாள். செத்தவர்கள் கூடுகிற இடம் பஸ் ஸ்டாண்டு! எமன் யார் என்றால் கூண்டுக்குள் விசிலோடு உட்கார்ந்திருக்கிற டைம் கீப்பர். அந்த வேஷம் சாஜிதா பேகம் என்று ஒரு அம்மாள், போஸ்டாபீசில் ரிட்டயர் ஆனவர். அவர் விசில் ஊதினார் பாருங்கள், ஹாலில் இருந்த புறா அத்தனையும் எழும்பிவிட்டது.

இது எதுவும் இல்லை, நான் எழுத வந்தது. பழைய பாட்டு எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். சாரா கையைக் கட்டிக்கொண்டு, மைக் இல்லாமல், அந்த வெளிநாட்டுப் பாஷையிலேயே பாடினாள். நான் ஐம்பத்தாறு வயசுக்கு எத்தனை பஜனை கேட்டிருக்கிறேன், எத்தனை கோயில் ஸ்பீக்கர் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு தொண்டை கேட்டதில்லை. ஒரு சொல் புரியவில்லை. எதையோ தொலைத்தவள் அது இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. கூரை ஓடு அதிர்ந்த மாதிரி இருந்தது. பெருமாள் சன்னதியில் திரை விலகும்போது கை தானாகக் குவியுமே, அப்படிக் குவிந்தது. சர்ச் ஹாலில். மன்னித்துக்கொள் பெருமாளே. இல்லை, எதற்கு மன்னிப்பு? நீ கொடுத்த தொண்டைதானே அதுவும்.

அப்புறம்தான் கேட்டேன், எங்கள் பெண்ணுக்கு என்ன வேஷம் என்று.

"அக்ஷிதாதாங்க ஆன்ட்டி அமுதா" என்றாள் சாரா.

செத்துப்போகிறவள். கல்யாணமாகாத பெண், மாலை போட்டுக்கொண்டு பிணமாகப் படுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான்: "என்ன வேஷமாம்?"

"கல்யாணப் பொண்ணு வேஷம்" என்றேன். முதல் சீனில் கல்யாணம் இருக்கத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

பெருமாளே, பாதி பொய்க்கு முழுப் பாவமா, பாதிப் பாவமா?

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று சந்திர கிரகணம். கோயில் நடை சீக்கிரம் சாத்திவிடுவார்கள், நாமும் வேளையோடு சாப்பிட்டுவிட வேண்டும் என்று நான் போட்ட சத்தத்தில் ரிகர்சலை நாலு மணிக்கே முடித்துவிட்டாள் சாரா. "ஆன்ட்டிதான் இனி நமக்கு டைம் கீப்பர்" என்று சாஜிதா பேகம் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார். நானும் ஒரு ஊது ஊதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. தனக்கு வேறொன்று இருக்கிறது என்றார், பையில் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று என் வாய் என்ன வேலை செய்துபோட்டது என்று தெரியவில்லை.

பாடகன் வேஷம் போடுகிற மிதுன் நல்ல பையன், பேங்கில் வேலை. செத்த பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிற சீன். கடைசி பஸ். அவன் முன் சீட்டில், அவள் பின் சீட்டில், திரும்பக் கூடாது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங் சாரா, நம்மூர் டவுன் பஸ்ல பொம்பளைங்க முன்னாடி, ஆம்பளைங்க பின்னாடிதானுங்களே? அவ முன்னாடி உக்காந்திருந்தா இவன் எதுக்குத் திரும்போணும்? அவ பின்னந்தலையைப் பாத்துக்கிட்டே ஊடு வந்து சேந்துருவான். கதையே முடிஞ்சு போச்சுங்களே."

 சாஜிதா பேகம் கூண்டுக்குள்ளிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நூத்துக்கணக்கான வருசத்துக் கதை, கனகம்மா ஒரு டிக்கெட்டுல முடிச்சுட்டாங்க."

சாராவும் சிரித்தாள். பிறகு யோசித்தாள். "அப்ப பஸ் பிரேக் டவுன். நடந்தே வரட்டும். மேம்பாலத்து மேல." நடந்து காட்டச் சொன்னாள். மிதுன் நடந்தான். பார்க்குக்குப் போகிறவன் மாதிரி இருந்தது. "திரும்பக் கூடாதுன்னு தெரிஞ்ச உடம்பு இப்படி நடக்காதே மிதுன்" என்றாள்.

அங்கேதான் என் நாக்கு எழுந்தது.

"அப்படி நடக்கறதுன்னா மயானத்துல நடப்பாங்க கண்ணு" என்றேன். கொள்ளி வைக்கிறவன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வருவான். சுற்றுக்கு ஒரு ஓட்டை போடுவார்கள். தண்ணீர் முதுகோடு ஒழுகும். மூன்றாவது சுற்றில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்து, திரும்பாமலே கொள்ளி வைத்துவிட்டு, திரும்பாமலே நடந்து வந்துவிட வேண்டும். திரும்பினால் போகிற உயிர் போகாமல் கூடவே வந்துவிடும் என்பார்கள்.

சொன்னதோடு விட்டேனா? ஹாலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தும் காட்டினேன். நான் மயானம் பார்த்ததில்லை, பெண்பிள்ளைகள் போகிறதில்லை. ஆனால் தம்பி அன்றைக்கு ஈர வேட்டியோடு தெருவில் திரும்பி வந்ததைப் பார்த்தேன். ஆண் வாரிசு இல்லாததால் அவனேதான் கொள்ளி வைத்தான். அந்தக் கழுத்து. போல்ட்டு போட்டு முறுக்கின மாதிரி. யாரோ கூப்பிட்டார்கள், உடம்போடு திரும்பினானே தவிர கழுத்து திரும்பவில்லை. அதையே நடந்தேன். "இன்னமும் எந்தம்பி அப்படித்தானுங்க நடக்கறான்" என்றும் சொல்லிவிட்டேன்.

 மிதுன் குடத்தை வாங்கி அதே மாதிரி நடந்தான். அச்சாகத் தம்பி. எனக்கே மயிர் சிலிர்த்தது. வேறு ஒருத்தர் முதுகில் என் தம்பியின் துக்கம் ஏறி நடக்கிறது! இது எப்படி முடிகிறது இவர்களால்?

திரும்பிப் பார்த்தால் அக்ஷிதாவைக் காணோம். வராந்தாவில் நின்று கைப்பிடிச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

மாடியில் துணி எடுக்கும்போது அவளே பேசினாள்.

"அத்தை, அம்மாவை எடுத்தப்ப என் மூஞ்சியைப் பிடிச்சுத் திருப்பினீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்குது கண்ணு. வயசுப்பொண்ணு பாக்கக் கூடாதும்பாங்க. பயந்துக்குவீன்னு..."

"வண்டி தெரு முனை திரும்பறது வரைக்கும் உங்க மாரோட அழுத்திப் பிடிச்சிருந்தீங்க. எனக்கு உங்க சேலை வாசம்தான் ஞாபகம் இருக்கு. அம்மா போனது ஞாபகமே இல்லை. எனக்கு இருபத்தோரு வயசுங்க அத்தை அப்ப."

குரலை உயர்த்தவில்லை. கிளிப்புகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். நான் "சம்பிரதாயம்" என்று ஏதோ சொன்னேன்.

அங்கே என்ன நடந்தது என்று நைனாவிடம் கேட்டாயா என்றேன். கேட்டேன் என்றாள். "ஆச்சு, முடிஞ்சுது, போய்ப் படு" என்றானாம்.

சம்பிரதாயமா அது? யார் சொன்னது எனக்கு? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், யார் சொன்னார்கள் என்றே தெரியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. பேரூர் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விடப் போனோம். கால் வைக்க இடமில்லை. அப்பா பேர், அம்மா பேர் சொன்னான் தம்பி. "சம்சாரம் பேரு சொல்லுங்க" என்றார் ஐயர். வாய் திறக்கவில்லை. தர்ப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஐயர் மறுபடி கேட்டார். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

நான்தான் குனிந்து "ரங்கநாயகிங்க சாமி" என்றேன்.

என்னிடம் இவ்வளவு பேச்சு இருக்கிறது, அவனிடம் ஒரு பேர் வரமாட்டேன் என்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தோம்.

சாயங்காலம் ரிகர்சலுக்குப் போனோம். சென்னிமலை பெட்ஷீட் நாற்பதை ஒட்டுப்போட்டுச் சாம்பல் நிறம் ஏற்றியிருக்கிறார்கள். ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடித்து இழுத்தால் மேம்பாலம்! பெட்ஷீட்டு என்று தெரிந்தும் அதன் ஓரத்தில் நிற்க எனக்குத் தலை சுற்றியது. நாலு முழம் தையல் என்னுடையது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எல்லாம் போச்சு.

பட்டறையில் லேத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, சுண்டல், பழம் படைத்து, தம்பி சூடம் காட்டும் நேரம். பக்கத்துப் பட்டறைப் பையன் வம்சி போனை நீட்டினான்: "ஏனுங்ணா, இது நம்ம அக்ஷிதா பாப்பாதானுங்களே? சூப்பரா பண்ணுதுங்க."

யாரோ ரிகர்சலைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். மாலையோடு அக்ஷிதா கிடக்கிறாள். மிதுன் குடத்தோடு சுற்றுகிறான். அந்தக் கழுத்து.

தம்பி பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான். சூடத்தை முடித்தான், ஆட்களுக்கெல்லாம் பொரிப் பொட்டலம் கொடுத்தான். திருஷ்டிப் பூசணிக்காயை வாசலில் உடைத்தான். துண்டு எதிர்ச் சுவர்வரை தெறித்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான். கோபம் வந்தால் அவன் தெலுங்குக்குப் போய்விடுவான். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "நோரு மூஸ்கோக்கா." வாயை மூடு. என்னை. அக்காவை.

அப்புறம் தமிழில்: "எம் பொண்டாட்டி சாவை ஊருக்கு நடிச்சுக் காட்டினயா? வாய் சும்மா இருக்காதா உனக்கு? கல்யாணப் பொண்ணு வேசம்னு எங்கிட்டச் சொன்னே."

"சொன்னனப்பா. தப்புத்தான். ஆனா அது—"

"பாப்பா இனி அங்க போகக் கூடாது."

அக்ஷிதா ரூமிலிருந்து வந்தாள். "நான் போவனுங்க நைனா. நீங்க பார்க்க வேண்டாம். உங்களுக்குத்தான் திரும்பிப் பார்க்கவே தெரியாதே."

அப்படிச் சொல்லிப்போட்டா. அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பான். நின்னான். கழுத்து அப்படியே.

என்னிடம் மட்டும் சொன்னான், ரொம்ப மெதுவாக: "நீ ஊருக்குப் போக்கா."

அக்டோபர் 2, வியாழன்

பையில் நாலு சேலை வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

அக்டோபர் 4, சனி

புரட்டாசி மூன்றாம் சனி. பெருமாளுக்குத் தளிகை போட்டு முடித்துவிட்டு, முன்னாலேயே போய்விட்ட அக்ஷிதாவுக்குப் பின்னால் தனியாகவே பஸ் ஏறி ஹாலுக்குப் போனேன். அந்தக் குட சீனை எடுத்துவிடச் சொல்லத்தான் போனேன்.

"இது உங்க ஊட்டு விசயங்க ஆன்ட்டி. நீங்க எடுன்னா எடுத்துடறேன்" என்றாள் சாரா. வாதாடவே இல்லை. "ஒரு தடவை முழுசாப் பார்த்துட்டுச் சொல்லுங்க. போதும்."

சாஜிதா பேகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்கள்லயும் பொம்பளைங்க மய்யத்துக்குப் பின்னால போறதில்லீங்க கனகம்மா. எங்க ஊட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போனப்ப வாசப்படிவரைக்கும்தான் நானு. இந்தக் கூண்டுக்குள்ள உக்காந்து தினமும் பார்க்கறேன் பாருங்க, அப்பத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விடறாப்ல இருக்குது" என்றார். பிறகு எழுந்து போய்க் கூண்டில் உட்கார்ந்து எமனாகிவிட்டார்.

பார்த்தேன்.

மிதுன் குடத்தோடு முன்னால் வருகிறான். மூன்று ஓட்டை. தண்ணீர் தரையில் ஒழுகிக் கோடு போடுகிறது. பின்னால் எங்கள் பெண் வெறுங்காலோடு அந்த ஈரத்தில் மிதித்து வருகிறாள். சளப், சளப் என்று சத்தம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. அவனுக்குத் தைரியமே அந்தச் சத்தம்தான். சத்தம் இருக்கும்வரை அவள் வருகிறாள் என்று அர்த்தம். நடக்க நடக்கக் குடத்தில் தண்ணீர் குறைகிறது. கோடு மெலிகிறது. நின்றுவிடுகிறது. அவள் வந்துகொண்டுதான் இருக்கிறாள், ஆனால் காய்ந்த தரையில் காலடி கேட்கவில்லை. அவன் திரும்புகிறான்.

ஐயோ, திரும்பாதடா என்று கத்திவிட்டேன். நிஜமாகக் கத்திவிட்டேன்.

பழைய கதையில் அவன் ஏன் திரும்பினான் என்று இத்தனை நாள் எனக்குப் புரியவில்லை. அவசரக்காரன் என்று நினைத்தேன். என் வாயிலிருந்து விழுந்த ஒரு குடத்தை வைத்து இந்தப் பிள்ளைகள் அதற்குப் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைச் செய்தது மனுஷர்களா என்று இருந்தது. விழுந்து கும்பிடலாம் போல இருந்தது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

அவன் திரும்பின நொடி அக்ஷிதா முகம். அழவில்லை. கடைசியாக ஒருத்தர் தன்னைப் பார்த்துவிட்டார் என்கிற மாதிரி ஒரு முகம்.

"எடுக்க வேண்டாங்க சாரா" என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

தம்பி சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பான், பேச்சைத் தவிர்க்க முடியாது. அதற்காகவே அந்த நேரம் போனேன்.

"ரங்கநாயகியை எடுத்தப்ப அக்ஷிதா மூஞ்சியைத் திருப்பினவ நானு. அவளைப் பார்க்க விடலை. அந்தத் தப்பு என்னுது. நீயும் என்ன ஏதுன்னு அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. அது உன்னுது. நான் பதிமூணாந்தேதி ஊருக்குப் போறனப்பா. அதுக்கு முன்னால பதினொண்ணாந்தேதி சாயங்காலம் ஆறரைக்கு நாடகம்."

அழைப்பிதழைக் கண்ணாடி ஓரத்தில் செருகினேன். நுரை காய்ந்துவிட்டது அவனுக்கு. கத்தியைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

நான் அதற்குமேல் பேசவில்லை. என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை, நினைத்ததைவிடக் குறைவாகப் பேசினது.

அக்டோபர் 11, சனி

கடைசிப் புரட்டாசிச் சனி. விரதம். பால் மட்டும். எழுதாமல் படுக்க முடியாது.

ஹால் நிறைந்துவிட்டது. சேர் போதாமல் பாயெல்லாம் போட்டார்கள். அக்ஷிதா எனக்கும் தம்பிக்கும் முன் வரிசையில் ரெண்டு சீட்டு எழுதிவைத்திருந்தாள். நான் போகவில்லை. கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தேன், பக்கத்துச் சேரில் என் பையை வைத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து போக வசதி என்று சொன்னேன். கதவைப் பார்க்கத்தான்.

ஆறரை. வரவில்லை. விளக்கு அணைந்தது. யாரோ வந்து "இங்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன்.

கல்யாண சீனில் ஜனம் கைதட்டியது. லாரிச் சத்தம் வந்தபோது ஹால் மூச்சைப் பிடித்தது. பஸ் ஸ்டாண்டு வந்ததே, என்னத்தைச் சொல்ல! இருட்டில் செத்தவர்கள் எல்லோரும் கையில் மஞ்சள் பையோடு, அவரவர் ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தியூர், அந்தியூர், அந்தியூர். நடுவில் உச்சியில் ஒரே ஒரு விளக்கு, அதன் கீழே சாஜிதா பேகம். ரிகர்சலில் குலுங்கிச் சிரித்த அம்மாள் இல்லை அது. கண்ணைச் சிமிட்டவில்லை. மிதுன் பாடப் பாட, கையிலிருந்த விசிலைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டார். அவ்வளவுதான் செய்தார். எமன் தோற்றுப்போனான். ஹாலில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகு மேம்பாலம். நாற்பது பெட்ஷீட்டும் எழுந்து நின்றது. மேலே நீலமாக ஒரு வெளிச்சம். மிதுன் குடத்தோடு வருகிறான். தண்ணீர்க் கோடு மின்னுகிறது, வெள்ளிச் சரடு மாதிரி. பின்னால் எங்கள் பெண். சளப். சளப். முந்நூறு பேர் இருக்கிற ஹாலில் அந்தக் காலடி ஒன்றுதான் கேட்கிறது. ஊரே அவளுக்காகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறது. தெரிந்த கதை, தெரிந்த குடம், இருந்தும் என் உடம்பு தூக்கிப்போட்டது. பெருமாளே, இன்றைக்கு மட்டும் தண்ணீர் தீராமல் இருக்கட்டும் என்று வேண்டினேன். பைத்தியக்காரி. வேண்டினேன்.

தண்ணீர் தீர்ந்தது. காலடி நின்றது.

அப்போது எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம். ஒன்று, ரெண்டு. நின்றது. கிரீஸ் வாசம்.

மேடையில் மிதுன் திரும்பினான். இங்கே நான் திரும்பினேன். ஒரே சமயத்தில்.

தம்பி நின்றுகொண்டிருந்தான். பட்டறைச் சட்டை, மேல் பித்தான் மாற்றிப் போட்டிருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. மேடையில் அவன் பெண் கை நீட்டிக்கொண்டே பின்னால் பின்னால் போகிறாள், சாம்பல் துணி அவளைச் சுற்றி மூடுகிறது. விசில் ஊதியது. சாஜிதா பேகம் ஊதின விசில் மாதிரியே இல்லை அது, எங்கோ தூரத்து ரயில் மாதிரி இருந்தது.

"ரங்கா" என்றான் தம்பி.

சத்தமாக இல்லை. எனக்கு மட்டும் கேட்டது. ரெண்டு வருஷம், மூன்று மாசம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தான். என் கையைப் பிடிக்கவில்லை, அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை. முழங்காலில் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவன் மாதிரி, கடைசிவரை மேடையைப் பார்த்தான்.

கைதட்டல் ஓயவில்லை. விளக்குப் போட்டதும் அக்ஷிதா மேடையிலிருந்து முன் வரிசையைப் பார்த்தாள். காலிச் சேர் ரெண்டு. அவள் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். உடனே எழுந்து நின்று, பையிலிருந்து ரிகர்சல் விசிலை எடுத்து, மூச்சைப் பிடித்து ஊதிப்போட்டேன்.

முந்நூறு பேரும் திரும்பினார்கள். அவளும் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை இட்லிக்கு உட்கார்ந்தோம். தம்பி தானாகவே ஆரம்பித்தான். தட்டைப் பார்த்துத்தான் பேசினான், ஆனால் பேசினான்.

"அங்க கொண்டுபோய் இறக்கினதும் அம்மா நெத்தியில ஒரு எறும்பு ஊறுச்சு பாப்பா. நான் எடுத்து விட்டேன். பொட்டு கலையாம எடுத்தேன். மஞ்சள் சேலை, தலைமாட்டுல மஞ்சக் கொன்றை மரம் ஒண்ணு. பூ உதிர்ந்து கிடந்துச்சு."

அக்ஷிதா கையிலிருந்த இட்லித் துண்டைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் நடந்து வந்துட்டேன். திரும்பலை. திரும்போணும்னுதான் இருந்துச்சு."

"சொல்லுங்க நைனா. முதல்ல இருந்து சொல்லுங்க."

சட்னி தீர்ந்துவிட்டது. நான் அரைக்கப் போனேன். மிக்சி போட்டால் சத்தம் என்று போடாமல் அப்படியே நின்றேன். முக்கால் மணி நேரம்.

எழுந்திருக்கும்போது கேட்டான்: "இன்னைக்கும் உண்டா அந்த நாடகம்?"

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பதிமூன்றாம் தேதி வந்து போய்விட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. கட்டிலடியில் கட்டிவைத்த பை மட்டும் அப்படியே இருந்தது.

இன்று காலை தேடுகிறேன், பையைக் காணோம். சேலை நாலும் கட்டில்மேல் மடித்துக் கிடக்கிறது. வாசலுக்கு வந்தால் தம்பி ஸ்கூட்டர் முன்னால் என் பையை வைத்திருக்கிறான். உள்ளே பட்டறை ஆட்களுக்கு இனிப்புப் பெட்டி, அடுக்கடுக்காக.

"என் பைப்பா அது."

"பெருசா வேற பை இல்லைக்கா. வாரேன்."

அக்ஷிதா கோலப்பொடிக் கையோடு வந்து நின்றாள். வண்டி புறப்பட்டது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றோம், ரெண்டு பேரும். தெரு முனை, அன்றைக்கு அந்த வண்டி திரும்பின அதே முனை. பிரேக் விளக்கு எரிந்தது. நின்றான்.

கழுத்தை வளைத்து எங்களைப் பார்த்தான்.

"அக்கா! மிக்சர்ல கறிவேப்பிலை நிறையப் போடு. ரங்கா போடற மாதிரி."

தெருவுக்கே கேட்டது. எதிர் வீட்டு ராசாத்தாள்கூட எட்டிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். 

கறிவேப்பிலை ரெண்டு கட்டு வாங்க வேண்டும். எழுதிவைக்கிறேன், மறந்துவிடுவேன்.